தேயிலை மலையில் ஒரு பழைய உடம்பு

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து நம்மிடம் படிக்க வரும் மாணவி ஒருத்தி, மழைநாள் மாலையொன்றில் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றாள். யாது வேண்டுமென வினவினோம்.

"சேர், அம்மாவுக்கு இரத்தம் குறைவுன்னு கிளினிக்கில சொல்றாங்க. பாட்டிக்கும் அப்படித்தான் இருந்திச்சாம். இப்ப பாட்டிக்குச் சீனி வியாதியும் வந்திருச்சு. தக்கன பிழைக்கும்னு படிச்சுக் குடுத்தீங்களே, அப்ப எங்க வீட்டில இந்த நோய் மட்டும் ஏன் சேர் பிழைச்சுது?"

பாடநூலில் இவ்வினாவுக்கு விடை கிடையாது. நாளைக்குச் சொல்வதாகக் கூறி அனுப்பிவைத்தோம். அந்த 'நாளை' வருவதற்கு மூன்று வாரமாயிற்று. அம்மூன்று வாரத்தில் நாம் தேடிப் படித்தவற்றையும், படித்ததை இம்மலைநாட்டு வாழ்வோடு ஒப்பிட்டு எண்ணியவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாமென்றே இதனை எழுதுகின்றோம்.

கூர்ப்பு என்று நம் நாட்டுப் பாடநூல்களும் பரிணாமம் என்று தமிழகத்தாரும் வழங்கும் கொள்கையை டார்வின் 1859ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆயினும் வைத்தியத்துறை அதனை நெடுங்காலம் திரும்பிப் பார்க்கவில்லை. 1991ஆம் ஆண்டில் ராண்டால்ஃப் நெஸ்ஸே என்ற அமெரிக்க மனநோய் வைத்தியரும் ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற உயிரியல் அறிஞரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையொன்றுதான் இவ்விரு துறைகளையும் ஒரு பந்தியில் உட்கார வைத்தது எனலாம். அவர்கள் கூறியதன் சாரம் எளிது. நோய் எப்படி உண்டாகிறது என்று வைத்தியர் கேட்கின்றார். நோய்க்கு இடங்கொடுக்கும் உடம்பு ஏன் இப்படி அமைந்தது என்றும் கேட்கவேண்டும்.

தக்கன பிழைக்கும் என்ற தொடரே நம் மாணவர்களை மயக்கிவிடுகிறது. வலியவன் வாழ்வான், நோயாளி ஒழிவான் என்று அதற்குப் பொருள் கொள்கின்றனர். அது பிழை. இயற்கைத் தேர்வு என்பது ஒரே ஒரு கணக்கையே பார்க்கிறது. பிழைத்து வளர்ந்து பிள்ளை பெறும் பிள்ளைகள் எத்தனை என்பதே அக்கணக்கு. நாம் சுகமாக இருக்கின்றோமா, அறுபது வயதில் முழங்கால் வலியின்றி மலை ஏறுகின்றோமா என்பதெல்லாம் அக்கணக்கில் வருவதேயில்லை.

முதலில் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, மாரியம்மனை நினைந்து, உடம்பைக் குளிர்விக்கும் உணவு கொடுத்து, நோயாளியைத் தொந்தரவு செய்யாது விட்டு வைத்தனர் நம் முன்னோர். காய்ச்சல் தானே வந்து தானே போகவேண்டிய ஒன்று என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. நம் தலைமுறையோ வெப்பமானியில் ஒரு கோடு ஏறியதும் மாத்திரையைத் தேடுகிறது. 1975ஆம் ஆண்டில் மத்யூ குளூகர் என்பவரும் அவர்தம் தோழரும் பாலைநிலத்து ஓணான்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். ஓணானுக்கு நம்மைப்போல உள்ளிருந்து வெப்பத்தை ஆக்கும் வல்லமை கிடையாது. வெயிலில் கிடந்தே சூடேற்றிக்கொள்ளும். பற்றீரியாவை உடம்பிற் செலுத்தியபின் வெப்பமான இடத்தில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் பிழைத்தன; குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் மாண்டன. காய்ச்சல் நோயன்று, நோயை எதிர்க்க உடம்பு மூட்டும் தீ என்பது இதனாற் புலனாயிற்று. இருமலும் வாந்தியும் வயிற்றோட்டமும் பலவேளை இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இதைப் படித்துவிட்டு எவரும் காய்ச்சலைக் கவனியாது விடவேண்டா. டெங்கு உலவும் நாட்டில் நாம் வாழ்கின்றோம். இளங்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் செல்வதே முறை. தீ மூட்டிய வீட்டில் கூரையும் பற்றிக்கொள்வதுண்டு.

நிற்க, மாணவியின் வினாவுக்கு வருவோம். இரத்தம் குறைவு என்று சொல்லப்படும் குருதிச்சோகை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால் வருவது. இங்கேதான் 'ஏன்' என்ற கேள்வி நமக்குக் கை கொடுக்கின்றது. நம் உடம்பிற் புகும் நோய்க்கிருமிகளுக்கும் வளர இரும்பு வேண்டும். ஆதலால் தொற்று உண்டானவுடன் உடம்பு தன் குருதியிலுள்ள இரும்பை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்கிறது; பகைவர் வரும்போது நெல்லைக் குதிருக்குள் மறைக்கும் குடியானவனைப் போல. இதனை அறியாமல், மலேரியா மிகுந்த சன்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவிற் பச்சிளங் குழந்தைகளுக்கெல்லாம் இரும்புச்சத்து மருந்து கொடுத்துப் பார்த்தனர். நன்மை விளையுமென்று எதிர்பார்த்தனர். மருந்து பெற்ற குழந்தைகளே அதிகமாக நோயுற்று வைத்தியசாலை சேர்ந்தனர், இறந்தனர். அதன் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஆகவே இரும்பு குறைந்திருக்கிறது என்றால், அது ஒளிக்கப்பட்டதா, இழக்கப்பட்டதா என்று கேட்பது தகும். நம் மலைநாட்டில் அது இழக்கப்பட்டதே. ஒரு நூற்றாண்டுக்கு முன் அதனைத் திருடியது யார் என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது.

1898ஆம் ஆண்டில் கைரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஜேர்மானியர் கொழுக்கிப் புழுவின் குடம்பிகள் நிறைந்த நீரைக் கையாண்டுகொண்டிருந்தார். தவறித் துளி நீர் அவர் கைமேல் விழுந்தது. விழுந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரங்களில் அவர் மலத்தில் அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. வாய்வழியாகவே புழு வருமென்று நம்பியிருந்த உலகுக்கு, அது தோலைத் துளைத்து வருமென்ற உண்மை அவ்வாறு தெரிந்தது. மண்ணிற் கிடக்கும் குடம்பி வெறுங்காலைத் துளைத்துக் குருதியோடு கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலிற் போய்க் கவ்விக்கொள்கிறது. அங்கே பல ஆண்டுகள் தங்கிக் குருதி உறிஞ்சுகிறது. பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது.

இலங்கையிலே அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையை 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கினர். சோதித்த தொழிலாளருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரிடம் புழு இருந்தது. மலையில் ஏறும்போது மூச்சு வாங்கியவர்களை, பிற்பகலிற் கூடையைச் சுமக்க மாட்டாது உட்கார்ந்தவர்களைச் சோம்பேறிகள் என்று துரைமார் நெடுங்காலம் சொல்லிவந்தனர். குருதியில் மூச்சைத் தாங்குவதற்கு ஈமோகுளோபின் இல்லாதவன் எவ்வாறு ஓடுவான்? ஒரு சமூகத்தின் மேற் சுமத்தப்பட்ட குணக்கேடு, நுண்ணோக்கியின் கீழ்ப் புழுவின் முட்டையாகத் தெரிந்தது.

மருந்து கொடுத்தனர். நாற்றமும் குமட்டலும் மிகுந்த எண்ணெய் மருந்து அது. புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டும் செலவைப் பல தோட்டங்கள் தள்ளிப்போட்டன. மருந்து உண்டவர் அதே மண்ணில் மறுநாளும் வெறுங்காலோடு நடந்தனர். புழு திரும்பவும் ஏறிற்று.

கூர்ப்பியல் நோக்கில் இதனைப் பார்த்தால் நம்மையறியாமலே ஒரு பெருமூச்சு வருகின்றது. மனித இனம் இரண்டு மூன்று இலட்சம் ஆண்டுகளில் மிகப் பெரும்பகுதியைச் சிறுசிறு கூட்டங்களாக அலைந்தே கழித்தது. ஓரிடத்தில் மலங்கழித்து, முட்டை பொரித்துக் குடம்பியாகு முன் வேறிடம் போய்விடுபவனைப் புழு எளிதிற் பிடிக்க முடியாது. ஒன்றிரண்டு புழு ஏறினாலும் உடம்பு தாங்கிக்கொண்டது. தன்னைச் சுமப்பவனைக் கொன்றுவிடுவது புழுவுக்கும் இலாபமன்று. அந்தப் பழைய உடன்படிக்கையைத் தோட்டம் குலைத்தது. ஆயிரம் பேரை லயங்களில் ஓரிடத்தே நிறுத்தி, ஈரம் காயாத நிழல்மண்ணைச் செடிகளின் அடியில் ஆண்டு முழுவதும் வைத்து, அதே மண்ணில் அதே வெறுங்கால்களை நாள்தோறும் நடக்கவிட்டால், புழுவுக்கு அதைவிட நல்ல ஊரை வேண்டுமென்றே திட்டமிட்டுக் கட்டவும் இயலாது. நோய் உடம்பின் குறையன்று. உடம்பும் இடமும் பொருந்தாமை. ஓர் இலட்சம் ஆண்டுகளிற் பழகிய உடம்பை நூறு ஆண்டில் முளைத்த தோட்டத்துக்குள் அடைத்ததன் விளைவு.

சில அறிஞர் இதன் மறுபக்கத்தையும் எடுத்துரைக்கின்றனர். புழுக்களோடு நெடுநாள் வாழ்ந்த உடம்பு அவற்றை எதிர்பார்த்தே தன் எதிர்ப்புப் படையை அமைத்துக்கொண்டது. புழு இல்லாத நாடுகளில் அப்படை வேலையின்றித் தன் வீட்டையே தாக்குவதால் இழுப்பு, ஒவ்வாமை முதலியன மிகுகின்றன என்பது அவர் கருத்து. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிரிட்சார்ட் என்பவர் தம் கைத்தோலிலே கொழுக்கிப் புழுக்களைத் தாமே ஏற்றிக்கொண்டும் பார்த்தார். இழுப்பு நோய்க்கு அது மருந்தாகும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. புழு தின்ற தலைமுறைகளைக் கண்ட நம்மவர்க்கு அச்சோதனை சிறிது செல்வச் செருக்காகவே தோன்றும்.

இன்று கொழுக்கிப் புழு பெரிதும் ஒழிந்தது. செருப்பும் மலசலகூடமும் பூச்சி மாத்திரையும் அதனைச் செய்தன. அப்படியானால் மாணவியின் தாய்க்கு ஏன் குருதிச்சோகை? பாட்டியின் திருடன் போய்விட்டான். தாயின் வீட்டில் வேறொருவன் இருக்கிறான். அவன் கோப்பைக்குள் இருக்கிறான் என்று சொன்னால் வாசகர்கள் திகைக்கக்கூடும்.

தேயிலை இம்மலைக்கு எப்படி வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். முன்பு இங்கே இருந்தது கோப்பி. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பக்கத்திற் கோப்பி இலைகளில் செம்மஞ்சட் பொடி படர்ந்தது. அது ஒரு பூஞ்சணம். அப்போதும் துரைமார் கோப்பியைப் பெருக்கிக்கொண்டே போயினர்; 1870களின் இறுதியில் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரில் ஒரே செடி. 1880இல் வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்ற இளைஞர், இடைவெளியின்றிப் பரந்த ஒரே பயிரே பூஞ்சணத்துக்கு விருந்தாயிற்று என்று கண்டுரைத்தார். சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டுவைத்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. நம் மக்களின் வாழ்வையே ஒரு பூஞ்சணம் திசை திருப்பியது எனலாம்.

அந்தத் தேயிலைச் செடி தன் கொழுந்திலே கஃபீனையும் துவர்ப்புப் பொருள்களையும் நிறைத்து வைத்திருப்பது நமக்கு விருந்து வைக்கவா? அன்று. இலை தின்னும் பூச்சியை விரட்டவே அவை தோன்றின என்பர். நம்மை விழித்திருக்கச் செய்வது பூச்சிக்கு நஞ்சு. துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பைப் பற்றிப் பிடித்துக்கொண்டு குடலினுட் புகவிடாது தடுக்கிறது. தென்னாபிரிக்காவில் 1975இல் வெளியான ஆய்வொன்றில், ரொட்டியோடு தேநீர் பருகியபோது உடம்பு ஏற்ற இரும்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இறைச்சியில் உள்ள இரும்பை இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. தானியத்திலும் கீரையிலும் உள்ளதையே தடுக்கும். நம் முன்னோர் வேட்டையாடி உண்ட காலத்தில் இத்தொல்லை இல்லை. தானிய உணவு வந்து பத்தாயிரம் ஆண்டே ஆகின்றது. கோதுமை ரொட்டியும் சம்பலும் சாயத் தேநீரும் என்னும் தோட்டத்துக் காலை உணவு வந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. மாதந்தோறும் குருதி இழந்து, பிள்ளை பெற்று, பாலூட்டி, மலையிற் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் இதனோடு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

பாட்டியின் சீனி வியாதி இன்னும் ஆழமான கதை. 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலர், பஞ்சத்தில் உயிர் காத்த சிக்கன உடம்பே பண்டம் மிகுந்த காலத்தில் நீரிழிவுக்கு ஆளாகிறது என்று கூறினார். தாது வருஷத்துப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இக்கொள்கை நெஞ்சில் தைக்கும். ஆனால் நாம் அவசரப்படலாகாது. ஒரு பஞ்சம் ஓர் இனத்தின் மரபணுவை மாற்றிவிடாது. நீல் சொன்ன மரபணுக்களைத் தேடியவர்கள் பெரிதாக ஒன்றும் கண்டிலர். நமக்கு ஏற்புடையதாகப் படுவது ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் வெளியிட்ட கருத்து. கருவிலே பசித்த குழந்தை, வெளியுலகமும் பசியுலகமே என்று கொண்டு தன் உடம்பைச் சிக்கனமாக வகுத்துக்கொள்கிறது. வெளியே வந்தபின் சீனியும் மாவும் தாராளமாகக் கிடைத்தால் அவ்வுடம்பு தடுமாறுகிறது. ஒல்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்திற் கருவிலிருந்தவர்கள், ஐம்பது வயதளவிற் சோதிக்கப்பட்டபோது சீனியைக் கையாளும் வல்லமை குறைந்தவராயிருந்தனர்.

இந்தியாவில் பூனா நகரத்து வைத்தியர் யாக்னிக் 2003இல் வெளியிட்ட ஆய்வு நம் வீட்டுக் கதைபோலவே இருக்கிறது. பூனாப் பக்கத்துக் கிராமக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ எடையும், இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ எடையும் உடையனவாய்ப் பிறந்தன. எடை குறைந்த அக்குழந்தைகளிடம் தசையே குறைந்திருந்தது. கொழுப்போ பெரிதும் குறையவில்லை. மெலிந்து தோன்றும் குழந்தை, உள்ளே கொழுப்பைப் பற்றிக்கொண்டு பிறக்கின்றது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டங்களில் 32. ஆதலின் பாட்டியின் நீரிழிவு பாட்டியிடம் தொடங்கவில்லை. அவளைச் சுமந்த தாய் கொழுந்துக்கூடையோடு மலையேறிய நாளில் தொடங்கிற்று என்று சொன்னால் தவறாகாது. பேத்தியின் பிள்ளைக்கு வரப்போவதும் இன்று தாய் உண்ணும் உணவிலே ஒருபாதி இருக்கின்றது.

பகைவனும் வாளா இருப்பதில்லை. இந்நாட்டில் 1963ஆம் ஆண்டில் மலேரியா கண்டவர் 17 பேரே. வெற்றி வந்துவிட்டதென்று மருந்து தெளிப்பதைக் கைவிட்டனர். 1969இல் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. திரும்ப டி.டி.ரி. தெளித்தபோது, அம்மருந்துக்கு அஞ்சாத நுளம்புகளே எஞ்சிப் பெருகியிருந்தன. 1977இல் வேறு மருந்துக்கு மாற நேர்ந்தது. பின்னர் பல வழிகளையும் சேர்த்துக் கையாண்டு, 2016இல் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றோம். கூர்ப்பு என்பது கற்காலத்தோடு முடிந்த செய்தி என்று எண்ணும் மாணவர்க்கு இதையே நாம் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் கதையும் இதுவே. நம் வீட்டிலேயே பிள்ளைக்குத் தடிமன் என்று, முன்னொரு முறை மிஞ்சிய மாத்திரைகளை இரண்டு நாள் கொடுத்த குற்றம் நமக்குண்டு. தடிமனுக்குக் காரணம் வைரசு. அம்மாத்திரை அதனை ஒன்றுஞ் செய்யாது. குடலிலிருந்த பலவீனமான பற்றீரியாவை அழித்து, முரடானவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்ததுதான் நாம் செய்த வைத்தியம். உயிரியல் படிப்பிப்பவன் வீட்டில் இப்படி!

மூன்று வாரங்கழித்து மாணவியிடம் இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையை அம்மா விடாது உட்கொள்ளவேண்டும். இங்கே மலேரியா இல்லை, அதில் அச்சமும் இல்லை. ரொட்டி உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் அருந்தினால் நல்லது. தேசிக்காயோ கொய்யாவோ நெல்லியோ உணவோடு சேர்ந்தால் இரும்பு எளிதில் ஏறும் என்றும் சொன்னோம். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுவாரம் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டோம்.

"சிரிச்சாங்க சேர். மலையில தேத்தண்ணி நேரம் ஒண்ணுதானே. ரொட்டியும் அப்பத்தான், தேத்தண்ணியும் அப்பத்தான். ஒரு மணி நேரம் கழிச்சுன்னா கங்காணி விடுவாரான்னு கேட்டாங்க."

நமக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவளே தொடர்ந்தாள்: "ஆனா லயத்துக்குப் பின்னால ஒரு கொய்யா மரம் நிக்குது, சேர். திங்கக்கிழமையிலருந்து ரொட்டியோட ஒரு பழம் கட்டிக் குடுக்கிறேன்."